வழியில் இருக்கிறது நாத்தனார் வீடு

பிப்ரவரி 3, திங்கள்

பாண்டி ஆஸ்பத்திரியில் இன்று பரிசோதனை. முதல் பிள்ளைக்கு வயிற்றைக் கிழித்த எனக்கு, இந்த முறை சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாம் என்று சொன்ன ஒரே டாக்டர் இந்த அம்மாதான். அதற்காகத்தான் ஒலக்கூரிலிருந்து இவ்வளவு தூரம். இன்று கூடவே ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார்.

"பழைய தையல் தாங்கும்னு நம்பித்தான் இறங்குறோம். வலி வந்தா வீட்ல உக்காந்து பொறுத்துப் பாக்கக் கூடாது. உடனே இங்க இருக்கணும்."

உடனே என்றால்? ஒலக்கூர் எங்கே, பாண்டி எங்கே!

வீட்டுக்காரர் மணிமாறன் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிடலாமாம். லோடு வண்டி சொந்தமாக இருந்தால் வரும் தைரியம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்னைக் குலுக்க வேண்டாம் என்று, எனக்குப் பதிலாக ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் மாட்டிக் கூட்டிப்போனார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

போகும்போது ரயில்வே கேட் மூடியிருந்ததாம். அது திறந்தால் திண்டிவனத்தில் கல்யாண ஊர்வலம். தை மாதம், வேறெப்படி இருக்கும்? பாண்டி எல்லையைத் தொடுவதற்குள் மூட்டைக்கே பிரசவம் ஆகியிருக்கும்.

"எப்டியோ போய்ச் சேந்துட்டேன் இல்ல?" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மாமியார் மெல்ல ஆரம்பித்தார். "பாண்டி போற வழியிலதான இரும்பை ஊரு. கவிதா ஊட்ல முன்னாடியே போய் இருந்துக்கினா ஆஸ்பத்திரி கூப்புடு தூரம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பிப்ரவரி 10

கவிதா அண்ணி அவருடைய கூடப்பிறந்த அக்கா. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அண்ணி மகள் பானுப்ரியாவின் மஞ்சள் நீராட்டுக்கு இவர்தான் தாய்மாமன். எங்கள் பக்கம் மாமன் மாலை விழாமல் பெண்ணைப் பந்தலில் உட்காரவைப்பதில்லை. நாங்கள் சீர்த்தட்டுகளோடு வழியில் மாட்டிக்கொண்டு நிற்க, நல்ல நேரம் போகிறதே என்று ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை விட்டு மாலையைப் போட்டுவிட்டார்கள். தாமதமாகப் போனவர் சும்மா இருந்திருக்கலாம். பந்தலிலேயே கத்திவிட்டு, கொண்டுபோன சீரை அப்படியே திருப்பி வண்டியில் ஏற்றிவிட்டார். யாராவது சீரைத் திருப்புவார்களா?

பிப்ரவரி 13

அவர் அக்காவைக் கூப்பிடவில்லை. என் வயிறு யாருக்காகவும் காத்திருக்காமல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

மத்தியானம் வலி பிடித்துக்கொண்டது. அவர் விழுப்புரத்துக்கு நெல் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். போன எடுக்கல. அத்தை சீரகத் தண்ணி குடுத்துக்கினு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லங்கிறாங்க. உள்ள தையல் பிரிஞ்சா எனக்குத் தெரியுமா? யார் கிட்ட கேக்குறது? மூத்தவ வேற என் கால கட்டிக்கினு அழுவுறா. செத்துடுவேன்னே நெனச்சேன்.

சூட்டு வலியாம், பிரசவ வலி இல்லையாம். சாயங்காலம் அடங்கிவிட்டது. நான் அடங்கவில்லை. கவிதா அண்ணிக்கு நானே போன் போட்டேன்.

"நீ வர்றதுக்கு இன்னா தடை, கலை? வா. ஆனா அவன் என் வாசப்படிய மிதிக்கணும்னா, திருப்பி எடுத்துக்கினு போனத எடுத்துக்கினு வரச் சொல்லு."

வந்ததும் அவரிடம் அப்படியே சொன்னேன். கூடவே, "உங்க ரோஷத்துக்கு என் உயிர வெக்காதீங்க" என்றும் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குத் தட்டு வாங்கக் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 19, புதன்

இரும்பையில் இருந்து எழுதுகிறேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, இது வேறு வலி.

காலையிலேயே சீர்த்தட்டு, புடவை, ஆளுயர மாலையோடு வந்து இறங்கினோம். பானுப்ரியா இப்போது பதினொன்றாம் வகுப்பு. யூனிஃபார்மில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"மாமா, ஸ்கூல் பஸ் வந்துரும் மாமா! எல்லாரும் பாக்குறாங்க!"

"ரெண்டே நிமிசம்டா கண்ணு" என்று அந்த மாலையைப் பையோடு சேர்த்து அவள் கழுத்தில் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற அண்ணி, "கட்டையில போறவனே, ரெண்டு வருசம் ஆச்சாடா உனுக்கு?" என்று திட்டிக்கொண்டே அழுதார். இவரும் அழுதார். அண்ணி என் துணிப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பஸ் போயே போய்விட்டது.

பிப்ரவரி 25

கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, தூக்கம். எடை ஏறுகிறது என்று டாக்டர் அம்மா திட்டினார். அண்ணி காதில் வாங்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

சுகப்பிரசவம் இல்லை. இந்த முறையும் கத்திதான். வலி வந்ததும் அண்ணி ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். பழைய தையல் விட்டுக்கொடுக்க ஆரம்பித்திருந்ததாம். நேரே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நேற்று முழுக்க அழுதேன்.

இன்று காலை டாக்டர் அம்மா, "ஒலக்கூர்ல இருந்து கிளம்பியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அந்தப் பேச்சு இன்னாத்துக்கு டாக்டரம்மா இப்ப?" என்று அண்ணி குறுக்கே விழுந்து நிறுத்திவிட்டார். இவர் எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. அதற்கப்புறம் எனக்கு அழுகை வரவில்லை.

பையன். நன்றாக இருக்கிறான். பால் குடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அண்ணி மடியில்தான். கேட்டால் கொடுத்துவிடுவார். நான் கேட்கவில்லை.