அரிசி மூட்டை படித்த எட்டு வாரம்

வெரிபீ
03.08.2024

அப்பா அவர்களுக்கு,

சகலருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், நேற்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பதினொரு தடவை திறக்கப்பட்டது. கடைசித் தடவை ஐஸ்கிறீமுக்கு. ஆனால் இது உங்களுக்கு முதலே தெரிந்திருக்கும். கதவு, கட்டில், கதிரை எல்லாவற்றிலும் சென்சரை ஒட்டிவிட்டு, ஆராய்ச்சி என்று சிட்னியில் இருந்து பார்க்கிறவர்தானே நீங்கள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. 'கட்டில்: ஆள் உண்டு' என்று மூன்று நாளும் உங்கள் திரையில் விழுந்திருக்கும். தரவு தரவு என்கிறீர்கள், ஒரு போன் கோல் தரவில்லை.

நீங்கள் இப்படித்தான் என்று தெரிந்து, காய்ச்சலுக்கு முதலே பழிவாங்கத் தொடங்கிவிட்டேன். பின்னேரம் ஆறு முதல் எட்டு வரை உங்கள் கதிரையில் நான் இருந்து படிப்பதாக எழுதி வைத்திருக்கிறீர்களே, அது நானில்லை. இருபது கிலோ கீரிச்சம்பா மூட்டை. எட்டு வாரமாக அரிசிதான் படிக்கிறது. உங்கள் பேராசிரியரின் பேராசைக்கு இது போதுமா?

காகிதத்தில் எழுதுகிறேன். இதிலாவது சென்சர் இல்லை.

இப்படிக்கு,
ஆள் உண்டு,
ஜசிந்தன்


வெஸ்ட்மீட், சிட்னி
09.08.2024

மகன் ஜசிந்தனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிரிப்பு வரவில்லை.

தனியே இருக்கிற நோயாளி வீட்டில் விழுந்து கிடந்தால் ஆஸ்பத்திரிக்கு உடனே தெரியவேண்டும். அதற்குத்தான் இந்த ஆய்வு. நீயும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தாய். கதிரை சொன்னது பொய் என்றால் கதவு சொன்னதை எப்படி நம்புவது? குழுவிடம் சொன்னேன். எங்கள் வீட்டுத் தரவு முழுவதையும் விலக்கிவிட்டு முதலில் இருந்து தொடங்கச் சொல்கிறார்கள். செப்டெம்பரில் வேலையை முடித்துக்கொண்டு வீட்டோடு வந்துவிட இருந்தேன். இனி மார்ச். அதை அம்மாவிடம் நீயே சொல்.

கட்டிலைப் பார்த்தேன். ஸ்கூல் லீவுதானே, சோம்பிக் கிடக்கிறாய் என்று நினைத்தேன். அதற்கு நீ கோபப்படலாம். இதற்கு நான் கோபப்படுகிறேன்.

அப்பா


வெரிபீ
14.08.2024

அன்புள்ள அப்பா,

அம்மாவிடம் சொன்னேன். "எந்த மூட்டை? அது எப்பவோ குசினிக்கு வந்திட்டுது. அரிசிக்கு என்னத்துக்கடா கதிரை?" என்றா. பிறகு மார்ச் என்று சொன்னேன். அவ விரலை மடித்து மாதங்களை எண்ணினா.

மூட்டை இருந்தது இரண்டே இரண்டு நாள். ஜூன் பத்தும் பதினொன்றும். மூன்றாம் நாள் அம்மா சோறு சமைக்கத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. கதிரை வெறுமையாக இருந்தால் பிடித்துவிடுவீர்கள் என்று மூட்டைக்குப் பதிலாக நான் போய் இருந்தேன். பிறகு பழகிவிட்டது. படித்தேன் என்று சொல்லமாட்டேன். அதில் இருந்தால் உங்கள் திரையில் தெரிவேன், அவ்வளவுதான்.

எட்டு வாரம் ஏமாற்றினேன் என்று எழுதியது வெறும் கெத்து. கோபம் மட்டும் உண்மை. அது இன்னும் இருக்கிறது.

குழு நம்பாவிட்டால் ஜூலை மூன்று, நான்கு, ஐந்தைக் காட்டுங்கள். மூன்று நாளும் கட்டிலில் ஆள் உண்டு, கதிரையில் ஆளில்லை.

அரிசிக்குக் காய்ச்சல் வராது, அப்பா.

ஜசிந்தன்