இங்குட்டு விழு

பிப்ரவரி 3, 2026, செவ்வாய்

காலையில் இட்லியோடு சண்டை. நடிகர் செம்மலையும் நடிகர் அக்ஷயும் நிஜமாகவே ரிங்குக்குள் இறங்கினால் யார் ஜெயிப்பார்? புருஷன் பெண்டாட்டிக்குள் வருகிற சண்டையா இது?

இரண்டு பேரும் சினிமாவுக்கு வருமுன் தொழில்முறை பாக்ஸர்கள். செம்மலை நாலு சண்டை, ரெண்டில் தோல்வி. அக்ஷய் அஞ்சு சண்டை, அஞ்சிலும் வெற்றி. கடைசிச் சண்டை மலேசியாவில், நாக் அவுட். மாவட்ட பாக்ஸிங் போட்டிக்கு இவர்களில் ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட வேண்டுமாம். "சினிமாவுல குத்துறவன் வேணாம் டீச்சர், நெசமா குத்தத் தெரிஞ்சவனாப் பாத்துச் சொல்லுங்க" என்று சங்கச் செயலாளர் சேவுகப்பெருமாள் என் தலையில் கட்டிவிட்டார். நான் பள்ளத்தூரில் பி.டி. டீச்சர் என்பதற்காக அல்ல, பாக்ஸிங்குக்கு மார்க் போடும் நடுவர் என்பதற்காக.

என் வீட்டுக்காரர் முத்தரசு காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். அவர் சொல்கிறார்: "அக்ஷய்க்கு பாக்ஸிங்கே தெரியாது. செம்மலையைக் கூப்பிடு."

"நீங்க காயிலைக் கட்டுங்க, நான் மார்க்கைப் போடுறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

இருவருடைய பழைய வீடியோக்களையும் பார்த்து முடித்தேன். நான் எப்போதும் சத்தமில்லாமல்தான் பார்ப்பேன். கூட்டம் கத்தினால் படாத குத்துகூடப் பட்ட மாதிரித் தெரியும். நடுவர் பயிற்சியில் படித்த முதல் பாடம் அது. நான் ரிமோட்டைத் தேடுமுன் வீட்டுக்காரரே சத்தத்தை அமுக்கிக் கொடுத்தார். ஆயிரம் இருந்தாலும் இந்த விஷயத்தில் தங்கமான மனுஷன்.

செம்மலைக்கு இடது கை நல்ல கை. ஆளை எட்ட நிறுத்தியே குத்துகிறார். கால்தான் மாட்டுவண்டி. களைத்தால் கை இறங்கிவிடுகிறது, தாடையில் வாங்குகிறார். ஆனால் வாங்கிக்கொண்டும் நிற்கிறார்.

அக்ஷய்க்குக் கை வேகம், பார்க்கவும் அழகு. ஒரே குறை, வலது கையை வீசுமுன் தோள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மலேசியாச் சண்டையில் எதிராளி ஒரு மொட்டைத்தலைக்காரன். முதல் ரெண்டு ரவுண்டும் அவனுக்குத்தான் போட்டேன். மூணாவதில் அக்ஷய் வலது கையை வீசினார், அவன் பொத்தென்று விழுந்தான். குத்து பட்ட மாதிரியே தெரியவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கேமரா இருந்த பக்கம் அப்படி. ஆனால் எழுந்திருக்கவில்லையே, பட்டிருக்கத்தானே வேண்டும்?

அக்ஷய்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அக்ஷய் கானாடுகாத்தானில் படப்பிடிப்பில்தான் இருக்கிறாராம். வர ஒத்துக்கொண்டார். மேடையில் காட்சிக்காக ஒரு ரவுண்டு ஆடவும் தயாராம். வீட்டுக்காரரிடம் சொன்னதும் "உன் இஷ்டம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஒரு நடிகனுக்காக இவ்வளவா?

பிப்ரவரி 11, புதன்

இதை எழுதினால்தான் ஆறும்.

மதியம் ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரில் அந்த மலேசியாச் சண்டையை மறுபடி போட்டேன். அவன் விழுந்த விதம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் ஓடுவதைக் கவனிக்கவில்லை. சயின்ஸ் டீச்சர் யோகலட்சுமி தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் பாக்ஸிங்குக்கும் ஏழாம் பொருத்தம். அவள்தான் தலையைத் தூக்கினாள்.

"இது எங்க நடந்துச்சு?"

"மலேசியாவுல."

"அங்கயும் நம்ம ஊரு மாதிரி அங்குட்டு இங்குட்டுன்னுதான் பேசுறாகளா?"

பின்னால் ஓட்டினேன். கூட்டத்தின் இரைச்சல், இங்கிலீஷ் வர்ணனை. அதற்கு அடியில், மொட்டைத்தலைக்காரனின் மூலையிலிருந்து ஓர் ஆண் குரல்: "அங்குட்டு இல்லடா, இங்குட்டு விழு." உடனே அவன் விழுந்தான்.

அது இவர் குரல். எட்டு வருஷமாக மாடியிலிருந்து "லட்சுமி, தண்ணி மோட்டாரைப் போடு" என்று கத்துகிற குரல். எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன் மலேசியாவில் இருந்தபோது ஹோட்டல் வேலை என்றுதானே சொன்னார்? அந்த மூலையில் இவருக்கு என்ன வேலை?

அன்று சத்தத்தை அமுக்கியது எனக்காக இல்லை. நான் தங்கமான மனுஷன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

கேட்டுட்டேன். வீடு வரைக்கும் பொறுக்க முடியல, கடையில வச்சே கேட்டேன். போனை அவர் காதுகிட்டப் பிடிச்சேன். கம்பி சுத்துன கை அப்படியே நின்னுபோச்சு.

"நீ ஒரு நா சத்தத்தோட பாத்துருவன்னு பயந்துக்கிட்டுத்தேன் இருந்தேன்" என்றார்.

ஹோட்டல் வேலை போனபின் ஒரு பாக்ஸிங் கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலையாம். அந்த மொட்டைத்தலைக்காரர் கல்லல் கருத்தையா, இவரோடு ஒரே அறையில் கிடந்தவர், நிஜமான பாக்ஸர். ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் கூடத்து முதலாளி கையில், அவரோ அக்ஷய் மேல் பந்தயம் கட்டியிருந்தாராம். மூணாவது ரவுண்டில் கருத்தையா விழுந்தால் பாஸ்போர்ட் வரும், இல்லையென்றால் வராது. அவர் மாட்டேன் என்றாராம். காலைப் பிடித்துக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தது இவர். அப்படியும் மூணாவதில் விழாமல் ஜெயித்துக்கொண்டே போயிருக்கிறார். அப்போதுதான் இவர் கத்தினாராம். கேமராப் பக்கம் விழுந்தால் குத்து படாதது தெரிந்துபோகும், அதனால் இங்குட்டு.

"நான் ஊருக்கு வரணும்னு அவன் விழுந்தான் லட்சுமி. அதுக்கப்புறம் எங்கூடப் பேசவே இல்ல."

இத்தனை வருஷம் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? இவரு ரசிகன் மாதிரி பேசுறாருன்னு நெனச்சேனே — பக்கத்துல நின்னு பாத்தவருல்ல பேசியிருக்காரு. நான் ஒரு நடுவராம். விழுந்தவனுக்கும் விழுந்து காட்டுனவனுக்கும் வித்தியாசம் தெரியாத நடுவர்.

பிப்ரவரி 13, வெள்ளி

பேச்சு இல்லை. குழம்பில் உப்பும் இல்லை. அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நான்தான் கிளம்பச் சொன்னேன். கல்லலுக்கு வெளியே ஒரு வயலில் கருத்தையாவைக் கண்டுபிடித்தோம். கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறார். அன்று மொட்டை, இன்று நரைத்த முடி, கொஞ்சம் தொப்பை. இவரைக் கண்டதும் மிஷினை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. என்னைப் பார்த்து மட்டும் "வாங்க மதினி" என்றார்.

அக்ஷய்க்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது மதினி. எல்லாம் முதலாளி ஏற்பாடு. அந்தாளு நெசமாவே அடிச்சுச் சாச்சதாத்தேன் நெனச்சுக்கிட்டிருக்காரு."

அக்ஷயைக் கூப்பிட்டிருப்பதையும் அவர் ஒரு ரவுண்டு ஆடப்போவதையும் சொன்னேன். செயலாளரிடம் உண்மையைச் சொல்லி நிறுத்திவிடவா என்றேன்.

"நிறுத்த வேணாம். அந்த ஒரு ரவுண்டை எனக்குக் குடுங்க. ஜெயிக்க வேணாம். விழாம நிண்டுட்டு வந்தாப் போதும்." அப்புறம்தான் இவர் பக்கம் திரும்பினார். "என் மூலையில நீதேன் நிக்கணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் அழுதார். ஜன்னலோரம் இடம் விட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கருத்தையாவின் வயசை நினைத்தால் பயமாக இருக்கிறது. செயலாளரிடம் 'உள்ளூர் பழைய பாக்ஸர்' என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மார்க் இல்லாத ரவுண்டு. கயிற்றோரமாக வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்ஷய்க்கு ஆளைத் தெரியவில்லை. கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடி பூப்போலத் தட்டினார். கருத்தையா கையைத் தூக்கி வைத்தபடி மெதுவாகச் சுற்றினார், பிறகு இடது கையை ஒரே ஒரு தடவை நேராக விட்டார். அக்ஷயின் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவர் நிஜமாகவே குத்தினார். வயசும் பயிற்சியும் அவர் பக்கம். கருத்தையாவின் மூக்கில் ரத்தம். நிறுத்தச் சொல்லி எழுந்துவிட்டேன், செயலாளர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முடியப் போகிற நேரம். அக்ஷயின் தோள் இறங்கியது. எனக்குத் தெரிந்தது, கருத்தையாவுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் கால் நகரவில்லை. வலது கை தாடையில் பட்டது. சத்தம் கேட்டது. முழங்கால் மடங்கியது.

"அங்குட்டும் விழாத, இங்குட்டும் விழாத. நில்லுடா கருத்தையா."

இவர்தான். தொண்டை கிழிகிற மாதிரி. அக்ஷய் சட்டென்று இவர் நின்ற மூலைக்குத் திரும்பினார். அந்தக் குரலை அவரும் முன்பு கேட்டிருக்கிறார். கருத்தையா கயிற்றைப் பிடித்தார், விட்டார், நிமிர்ந்தார். மணி அடித்தது.

அக்ஷய் கட்டிப்பிடிக்கிற மாதிரி கிட்டே வந்தார். கயிற்றோரம் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"மலேசியாவா?"

கருத்தையா தலையாட்டினார்.

"அன்னைக்கு நான் உங்களை அடிச்சேனா?"

கருத்தையா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு அடிச்சீக."

அக்ஷய் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மைக்கை நீட்டினார்கள். வாங்காமல் இறங்கிப் போய்விட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

கருத்தையா சாப்பிட வந்தார், மூக்கில் பிளாஸ்திரியோடு. இவர்தான் இலை போட்டார், கோழிக்குழம்பையும் இவரே ஊற்றினார். ரெண்டு பேரும் மழையைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். அதுவே பெரிது.

டிவியில் அக்ஷய் பேட்டி வந்தது. இவர் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. "சத்தம் இருக்கட்டும்" என்றேன்.

பேட்டி எடுக்கிற பெண் கேட்டாள், "பாக்ஸிங்ல அஞ்சு சண்டை, அஞ்சு வெற்றி, இல்லையா சார்?"

"நாலு" என்றார் அக்ஷய். "ஒன்னுல தோத்துட்டேன்."

கருத்தையாவின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அப்புறம் இலையைப் பார்த்தபடியே, "ரசம் இருக்கா மதினி?" என்றார்.