பத்தரை முதல் பன்னிரண்டு வரை

பதிவு 1. புதன், 12 மார்ச் 2081. 09:10, இந்திய நேரம்
நிலவின் மறுபக்க ஆய்வு நிலையம். நான் மெய்யப்பன், பாறை ஆய்வாளன். இங்கே வேறு யாரும் இல்லை. என் கல்லீரலில் ஐந்து சென்டிமீட்டர் கட்டி. மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தில் கதிரியக்கக் கண்ணாடி மணிகளைச் செலுத்த வேண்டும். செய்யப்போவது ரோபோ; பூமியிலிருந்து மேற்பார்வை பார்ப்பவர் டாக்டர் எஸ்தர். மணிகள் இன்று வந்திறங்கின. 64 மணி நேரத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறேன்.

பதிவு 2. வியாழன், 13 மார்ச். 17:40
சோதனைச் சாயம் செலுத்தி, ரத்தநாளப் படத்தை அனுப்பினேன். டாக்டர்: "நல்லாத்தான் தெரியுது சார். நாளைக்குப் பத்தரைக்கு வச்சுக்கலாம். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

பதிவு 3. வெள்ளி, 14 மார்ச். 10:05
என் மனைவி உமையாளின் செய்தி: "ஏங்க, பத்தரையிலருந்து பன்னெண்டு ராகு காலம். அது கழிஞ்சு ஆரம்பிங்க. எனக்காக."

நிலவில் ஏது ராகு! சிரித்தேன். ஆனாலும் கணக்குப் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் வீரியம் இரண்டு சதவீதம்கூடக் குறையாது. டாக்டரும் சரி என்றுவிட்டார்.

பதிவு 4. 12:04
திரை கறுப்பு. தொடர்புச் செயற்கைக்கோள் பன்னிரண்டுக்குப் பராமரிப்புக்காக அணைந்துவிட்டது. பத்து நாள். அட்டவணை என் மேசைக்கு எதிரில்தான் இருக்கிறது, ஒட்டியவனும் நானே. மணிகளுக்குக் கணக்குப் பார்த்த மடையன் இதைப் பார்க்கவில்லை. பத்து நாள் போனால் பதிமூன்றில் ஒரு பங்கு வீரியம்கூட மிஞ்சாது. இன்னொரு குப்பி மணிகள் வர மூன்று மாதம். கட்டி அதுவரை காத்திருக்காது. பயமாக இருக்கிறது.

பதிவு 5. 13:20
ஒற்றைக் கையால் தட்டச்சு. ரோபோ குழாயைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. படம் நேற்றுப் போலவே இருக்கிறது. "தொடரலாமா?" என்று ரோபோவின் திரை கேட்கிறது. மூன்றாவது தடவை. நல்லாத்தான் தெரியுது என்றாரே டாக்டர்.
அழுத்திவிட்டேன்.

பதிவு 6. திங்கள், 24 மார்ச். 12:06
தொடர்பு வந்துவிட்டது. நாலு நாளாக வயிறு எரிகிறது, சோறு இறங்கவில்லை. டப்பா உணவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
தேங்கிக் கிடந்த முதல் செய்தி, டாக்டர், 14 மார்ச், 12:01: "சார், ஆரம்பிச்சிடாதீங்க. நேத்துப் படத்தை இப்பத்தான் பெரிசாக்கிப் பாத்தேன். அந்த ரத்தக்குழாய்லருந்து இரைப்பைக்கு நூல் மாதிரி ஒரு கிளை போகுது. அதை அடைச்சிட்டுத்தான் மணியை விடணும். இல்லாட்டி இரைப்பை வெந்துடும். கேக்குதா சார்? சார்?"

12:09
உமையாள், இப்போது: "ஏங்க, ராகு காலம் கழிஞ்சுதானே ஆரம்பிச்சீங்க?"
ஆமாம் என்று அனுப்பினேன். வாயில் ரத்தம் கரிக்கிற—