தூரத்துக்கு நீ, கிட்டத்துக்கு நான்

மாப்பிள்ளை,

மருமகன் சேலத்திலிருந்து வாங்கி வந்த மூக்குக் கண்ணாடியை இன்று காலை மாட்டிக்கொண்டேன். எதிர் மலையில் மேயும் மாடுகளின் கொம்புகூடத் தெரிகிறது. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் தாளில் எழுத்தெல்லாம் கலங்கிப் போயிற்று. கழற்றி வைத்தேன், பளிச்சென்று தெரிந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால், "போட்டாக் குருடு, கழட்டினாக் கண்ணா? நல்ல கூத்து மச்சான்" என்று சிரித்திருப்பாய்.

என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே நீ எனக்குச் சிநேகிதன். பத்தடிக்கு அப்பால் நிற்பது ஆளா மரமா என்று சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியாது. நம் பக்கத்தில் எதை மறந்தாலும் மன்னிப்பார்கள். எதிரே வருகிறவரை "வாங்க" என்று கேட்காமல் போனால் மன்னிக்க மாட்டார்கள். அதனால் நீ என் கூடவே நடந்து, "பெரியூட்டுக்காரரு வாராரு, கேளு" என்று முணுமுணுப்பாய். நான் உரக்கக் கேட்பேன். மரியாதை தெரிந்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அதில் பாதி உன்னுடையது.

நீ கூட வராத ஒரு நாள்தான் வினை வந்தது. இரண்டு மலை தாண்டியிருந்த ஊர்க்காரர் ஒருவர் தன் பையனுக்கு என் மகளைக் கேட்டிருந்தார். காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையில் அவர் எதிரே வந்தது தெரியாமல் நான் கடந்து போய்விட்டேன். "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காத ஊட்டுல சம்பந்தம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நீ அன்றே கிளம்பி அவர் ஊருக்கு நடந்தாய். "அவனுக்குத் திமிரு இல்லீங்க, தூரத்துக் கண்ணுதான் இல்லை" என்று போட்டு உடைத்துவிட்டு வந்தாய். எனக்கு வந்த கோபம்! பெண்ணுக்கும் அதே கண் என்று நினைத்தால் எவன் கட்டுவான்? எட்டு நாள் உன் வாசலை மிதிக்கவில்லை.

எட்டாம் நாள் அவரே வந்தார். என்னைச் சோதிக்க நினைத்தாரோ என்னவோ, என் வீட்டை ஒட்டிய சாமைக் காட்டோரம் சத்தமில்லாமல் நின்றார். யாரோ நிற்பதுபோல் பட்டதும் நான் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றேன். கும்பிட்டது அவருக்குப் பக்கத்தில் குருவி விரட்ட நட்டிருந்த பொம்மையை.

"ஏனுங்க, பொம்மைக்கு மட்டுந்தான் மரியாதைங்களா? எனக்குக் கெடையாதா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்ற என் மகள், "அப்பா, அந்தத் தூரத்து மேட்டுல அவரு துண்டு விழுந்து கெடக்குதுங்க" என்றாள். அவர் தோளைத் தடவிப் பார்த்தார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? கல்யாணம் அங்கேயே முடிவாயிற்று.

சொல்ல ஓடிவந்தேன். நீ நொண்டிக்கொண்டு எழுந்தாய். "ஒண்ணுமில்லை மச்சான்" என்றாய். நான் விடவில்லை. உள்ளங்காலில் முள் புதைந்து சீழ் கோத்திருந்தது.

"ரெண்டு வருசமாக் கிட்டத்துல ஒண்ணும் தெரியறதில்லை. உன் தங்கச்சிகிட்டக்கூடச் சொல்லலை. வெக்கமா இருந்துது."

என் கண்ணை ஊருக்குச் சொன்னவன் உன் கண்ணை ஒளித்து வைத்திருந்தாய். உன் பாதத்தை என் மூக்கருகே தூக்கிப் பிடித்து, ஊசியால் நெம்பி எடுத்தேன். எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். "உன் புள்ளைக்காகப் போனேனே, போறப்பவே குத்திருச்சு" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று இந்த வயதில் முள் எடுக்கத் தெளிந்த கண் உள்ளவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். பெருமையாகவே சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள். உன்னைப் போலவே "ஒண்ணுமில்லீங்க" என்று தயங்கி நிற்பார்கள். இனி நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் காலை இழுத்து என் மடியில் வைத்துக்கொள்வேன்.