கொத்தனார் சுட்ட சப்பாத்தி

ஜூன் 3, செவ்வாய்

சப்பாத்தி எட்டு சுட்டேன். எட்டும் எட்டு ஓடு. ஒன்று கை நழுவி விழுந்ததில் சமையலறைத் தரை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். தரையும் நான் போட்டதுதான், அதனால் பிழைத்தது.

நான் முப்பத்தாறு வருஷக் கொத்தனார். என் கையால் எழுந்த சுவர்களை வரிசையாக நிறுத்தினால் பூமியை இரண்டு சுற்று சுற்றி, மிச்சத்தில் நிலாவுக்கு ஒரு காம்பவுண்டு கட்டலாம். அப்பேர்ப்பட்டவன் இரண்டு டம்ளர் கோதுமை மாவிடம் தோற்று நிற்கிறேன். செய்முறையில் ஒரு குற்றமும் இல்லை. மாவைக் குவித்தேன், நடுவில் குழி பறித்தேன், தண்ணீர் விட்டு ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிக் கலந்தேன், கலந்த கையோடு தேய்த்துக் கல்லில் போட்டேன். கலவையைக் காக்க வைத்தால் கல்லாகிவிடும் என்பது எந்தச் சித்தாளுக்கும் தெரியும்.

வீட்டுக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். போன வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மரக்கட்டையாகக் கிடக்கின்றன. இடது கையால் சோறு பிசைய மாட்டாளாம், ஸ்பூனும் ஆகாதாம். சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுத்தால் சாப்பிடுவாளாம். சுருட்டினேன். உடைந்தது.

செவ்வாயும் வெள்ளியும் வருகிற பிசியோதெரபிப் பெண் இன்று சொன்னது: “இந்த ஒரு மாசத்துக்குள்ள விரலை மடக்கிப் பழக்கலைன்னா அப்படியே இறுகிடும்மா. அப்புறம் தையலை மறந்துட வேண்டியதுதான்.” அமுக்கிப் பழக ஒரு பச்சை ரப்பர் பந்து கொடுத்தாள். அவள் படி இறங்குவதற்குள் பந்து கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது.

தையல் மெஷின் மேல் போர்வை போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.

ஜூன் 4, புதன்

காலையில் இவள் ஆள்காட்டி விரல் கொஞ்சம் மடங்கியது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து தெருவுக்கே அறிவித்தேன், மாடியில் இருக்கும் என் தங்கை மகளைக் கூப்பிட்டேன், கேஸ் போட வந்த ஆளையும் நிறுத்தி, அவருக்கும் விரலைக் காட்டு என்று இவளிடம் சொன்னேன்.

இவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “ஒரு விரல் மடங்கினதுக்கு ஊர்வலமே விட்டாச்சு. நாளைக்கு மடங்கலைன்னா அதையும் ஊருக்குச் சொல்லுவீங்க. இனிமே நீங்க இருக்கற இடத்துல இந்தக் கையை நான் தூக்கறதா இல்ல.”

நான் செய்த தப்பு என்ன? சந்தோஷத்தைச் சத்தமில்லாமல் படுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே.

சப்பாத்தி: ஓடு.

ஜூன் 5, வியாழன்

அதிசயம். மாவைப் பிசைந்து முடிக்கவும் மாடியில் குழாய் பிய்த்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து, செத்துப்போன மாவு என்று நினைத்துத்தான் தேய்த்தேன். பட்டு! ஒன்று கல்லில் உப்பிய உப்பலுக்குக் கயிறு கட்டியிருந்தால் என்னையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

தங்கை மகள் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். நேற்று வரை, “உங்க சப்பாத்தியால எங்க கிளினிக்குக்கு ஆள் சேருது மாமா” என்றவள், இன்று மூன்று சாப்பிட்டாள். “மாவு ஊறியிருக்கு, அதான் மாமா விஷயம்.”

ஆக, சிமெண்டு காத்திருந்தால் கெடும், கோதுமை காத்திருந்தால் தேறும். முப்பத்தாறு வருஷத்தைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்கிறார்கள். சரி.

ஜூன் 6, வெள்ளி

ஒரு மணி நேரம் ஊற வைத்துவிட்டு நடந்துவிட்டு வந்தேன். ஓடு.

ஏன்?

ஜூன் 9, திங்கள்

சனி பட்டு. ஞாயிறு பட்டு. இன்று பட்டு. அதே மாவு, அதே டம்ளர், அதே ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்ன வந்தது?

ஜூன் 10, செவ்வாய்

ஓடு.

வெள்ளி, செவ்வாய். பிசியோதெரபிப் பெண் வரும் நாட்கள். அவள் கண்தான் என்று தீர்மானித்து இவளிடம் சொன்னேன். பயிற்சி நாளென்றால் இவளுக்குக் கை கடுக்கும். மணிக்கட்டில் ஒத்தடத் துணியோடு படுத்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு உங்க மாவைப் பாத்ததே இல்ல. போய் விளக்கை அணைங்க.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கின மாதிரி இருந்தது. சிரிப்பா, வலியா? ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 11, புதன்

வீட்டில் எலி. மாவை உருட்டி, சுவர்ப் பூச்சு மாதிரி வழவழவென்று தடவி மூடிவிட்டுத்தான் நடக்கப் போனேன். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் நடுவில் மூன்று குழி.

“எலி வந்திருக்கு” என்றேன்.

“தின்னுச்சா?”

“இல்ல. அமுக்கிப் பாத்துட்டுப் போயிருக்கு.”

“நல்ல எலி. விடுங்க” என்றாள்.

மூடியைத் திறந்து, மாவை அமுக்கி, மறுபடி மூடிவிட்டுப் போகிற எலியா? சப்பாத்தி வேறு பட்டு.

ஜூன் 12, வியாழன்

இன்று நன்றாகப் பார்த்தேன். ஈரத் தளத்தில் யார் கால் வைத்தது, பூச்சு காயுமுன் யார் சாய்ந்தது என்று பதிவைப் பார்த்தே சொன்னவன் நான். மூன்று குழி. இரண்டு ஆழம், ஒன்று லேசு. கட்டைவிரல் பதியவே இல்லை. வலது கை.

சாப்பிடும்போது இவள் வலது கை நகங்களைப் பார்த்தேன். இடுக்கில் காய்ந்த மாவு.

அடிப்பாவி. வலிச்சிருக்குமே. உள்ளங்கையால அழுத்தி அழுத்தித்தான் பிசைஞ்சிருக்கணும். ஒரு வாரமா… எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன மூணாம் மனுஷனா? —

நாலாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தேன். கேஸ் போட வந்த ஆள் வரை நிறுத்தியிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

பிசியோதெரபிப் பெண் இவள் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பிடி வந்திருக்கேம்மா. பந்தை விடாம அமுக்கறீங்க போல” என்றாள்.

“ஆமா, வேற என்ன வேலை” என்றாள் இவள், கண் கொட்டாமல். கட்டிலுக்கடியில் பந்தின் மேல் விதை தூவினால் முளைக்கும், அவ்வளவு தூசி.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

“ஐயாவுக்கு என்ன ஆச்சு?”

“பல்லு வலி. அவர் சுட்டதை அவரே தின்னா வேற என்ன வரும்.”

இப்போது புதுக் குழப்பம். விரலுக்கு நல்லது இறுகிய மாவா, இளகிய மாவா? எவ்வளவு தண்ணீர்? யாரிடம் கேட்பது? கேட்டால் எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடுமே. நாளுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரைக் குறைத்துப் பார்க்கப் போகிறேன். அதிகப்படியாகிவிட்டால்? தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

நான்கு குழி. நடையில் மூன்று டீ குடித்தேன், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று. டீக்கடைக்காரர், “வீட்ல சண்டையா மேஸ்திரி?” என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஐந்தாவது. ஓரமாக, லேசாக, கட்டைவிரல்.

தங்கை மகள், “என்ன மாமா, முகத்துல நூறு வாட்ஸ் எரியுது?” என்றாள். எட்டுத் திசைக்கும் பறை அடிக்க வேண்டிய சேதி தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. “வெயில்” என்றேன். அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

ஜூலை 2, புதன்

நடந்துவிட்டு வந்து மூடியைத் திறந்தேன். குழி இல்லை. நான் தடவி வைத்தபடியே வழவழவென்று இருந்தது.

இன்று பயிற்சி நாளும் இல்லை. கை மறுபடி கடுக்கிறதா? ரொம்ப இறுக்கிப் பிசைந்துவிட்டேனா? எல்லாம் என்னால்தானா? மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

உள்ளறையில் மெஷின் ஓடும் சத்தம். நின்றது. மறுபடி கொஞ்சம் ஓடியது. வாசல் நாற்காலியில் மெஷின் மேல் கிடந்த போர்வை மடித்து வைத்திருந்தது.

எட்டிப் பார்க்கவில்லை. எட்டு சப்பாத்தி சுட்டேன்.

“மறுபடி ஓடா மாமா?” என்றாள் தங்கை மகள்.

“ஆமா.”

சுருட்டிக் கொடுக்கப் போனேன். இவள் வாங்கித் தட்டில் வைத்து, வலது கையாலேயே ஒரு துண்டு பிய்த்தாள். கொஞ்ச நேரம் பிடித்தது. நான் தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் மூன்று சாப்பிட்டேன்.