அப்பாவின் முகத்துக்கு அடுத்த ஷாட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேலையும் பிடித்திருக்கிறது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று மழுப்பாதீர்கள், அம்மாவிடம் கேட்டுவிடுவேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் முகத்தை வகுப்பில் திரையில் போட்டுக் காட்டிவிட்டேன். எடிட்டிங் பழக வந்த புதியவர்களுக்கு மாண்டேஜ் சொல்லித்தர வேண்டியிருந்தது. இரண்டு ஷாட்டை ஒட்டினால், இரண்டிலும் இல்லாத அர்த்தம் ஒன்று பிறக்கும், அவ்வளவுதான். அதைக் காட்ட எந்த உணர்ச்சியும் தெரியாத முகம் தேவை. அதற்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? வீடியோ காலில் நீங்கள் உம்மென்று உட்கார்ந்திருந்ததைப் பதிவு செய்து வைத்திருந்தேன், கைகொடுத்தது.

உங்கள் முகத்துக்கு அடுத்ததாகச் சாப்பாட்டுத் தட்டை ஒட்டினேன். "பாவம், பசியில இருக்காரு" என்றார்கள். தட்டை எடுத்துவிட்டுத் தூங்கும் குழந்தையை ஒட்டினேன். "என்ன பாசம் பாருங்க!" என்று உருகினார்கள். சாத்திய கதவை ஒட்டியதும், "ஐயோ, செம கோவம்!" என்றார்கள். அதே முகம்தான் என்று சொன்னதும் ஒருவரும் நம்பவில்லை.

பழக வந்தவர்களில், கடைசி வரிசையிலிருந்த தையல்காரம்மா ஒருவர் மட்டும் கேட்டார்: "நிஜத்துல அவரு எதைப் பாத்துக்கிட்டிருந்தாரு, டீச்சர்?"

"என்னைத்தான்" என்றேன். உடனே எல்லாரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டேன்.

அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஒரே ஒரு உதவி. நான் போனை வைத்த பிறகு நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று அம்மாவிடம் கொஞ்சம் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஷாட் மட்டும்தான் என்னிடம் இல்லை.

உங்கள்
சின்னக்குட்டி