ஜிகினா தனி, காகிதம் தனி

சிக்ஸ்டனுக்கு,

வியாழக்கிழமைன்னா பட்டாணி சூப்தானே, அடுப்புல இருக்கு. சுட வெச்சுக் குடிங்க. சாப்பாட்டு மேசைப் பக்கம் மட்டும் போகாதீங்க. நீங்க குப்பைன்னு போட்ட நான் சேர்த்து வெச்ச பழைய மிட்டாய்த் தாளையெல்லாம் தொட்டியிலேருந்து பொறுக்கிட்டு வந்து, கரண்டியால நீவி அங்கதான் பரப்பியிருக்கேன். நின்னுக்கிட்டே சாப்பிடுங்க.

தூக்கிப் போடறதுன்னா அப்படியே போட வேண்டியதுதானே? ஜிகினா தனி, காகிதம் தனின்னு ஒவ்வொண்ணா உரிச்சு, ரெண்டு தொட்டியில போட்டிருக்கீங்க! இந்த ஸ்வீடன்லயே உங்கள மாதிரி ஒழுங்கான ஆளு கிடையாது, போங்க.

நான் சேர்க்கறத நிறுத்த மாட்டேன். இப்பக்கூட ஸ்டாக்ஹோம்ல பழைய சாமான் சந்தைக்குத்தான் போறேன். இன்னொரு பெட்டி தாளோடதான் வருவேன்.

குன்வோர்

பி.கு: உங்க தூண்டில் பெட்டியையும் உங்க முறைப்படியே பிரிச்சு வெச்சாச்சு. முள்ளுல கட்டியிருந்த பொய்ப்பூச்சியக்கூட விடல. இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி, இறகு தனி.

இன்னொண்ணு. ஜன்னலோரம் ஒரு சிவப்புக் காகிதமும் அதோட ஜிகினாவும் இருக்கு, பக்கத்துலயே பசை. ஃபின்லாந்து கப்பல்ல நீங்க எனக்கு முதன்முதலா வாங்கிக் கொடுத்த மிட்டாயோட தாள். அதையும்தான் உரிச்சிருக்கீங்க. அத நான் ஒட்ட மாட்டேன். நீங்கதான் ஒட்டணும்.